ஓலை கிழித்த கண்

ஒரு பெண்ணின் பார்வையைக் காப்பாற்றத் தேவையான உண்மையே அவருடைய மணவாழ்க்கையைக் குலைக்கக்கூடிய உண்மையாகவும் இருந்தால், அதை அவரிடம் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கு உண்டு?

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதக் கல்யாணங்கள் ஓய்ந்த பிறகு வந்த ஒரு காலையில், கோவையில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில் இந்தக் கேள்வி என்னெதிரே வந்து உட்கார்ந்தது. கழுத்தில் நிறம் மங்காத புதுத் தாலிக்கொடி, இடது கண்ணில் பஞ்சுக்கட்டு. கட்டுக்கு அடியிலிருந்து கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைப்பதற்குக் கை போவதும், பாதியில் நிற்பதுமாக இருந்தது. அருகே போனபோது விளக்கெண்ணெய் வாசம் அடித்தது.

இந்தத் தொடரில் இதுவரை கண் முகாம்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் ஒரே ஒரு நோயாளி. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எல்லோரும் பதில் சொன்னார்கள்

சௌமியா ஆனைமலைப் பக்கம் வாக்கப்பட்டு மூன்று மாதம்கூட நிறையவில்லை. முந்தைய நாள் பகலில் கணவர் பிரகாஷின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தோப்புக்குள் போயிருக்கிறார். தடத்தின் குறுக்கே ஒரு காய்ந்த தென்னை ஓலை தொங்கியது. ஓட்டியவர் குனிந்துவிட்டார். பின்னால் இருந்தவரின் கண்ணில் ஓலையின் நுனி வீசி அடித்துவிட்டது.

வீட்டில் மாமியார் விளக்கெண்ணெய் விட்டார். பக்கத்துக் கிளினிக்கில் களிம்பு போட்டுக் கட்டினார்கள். விடிந்தபோது வலி குறையவில்லை, அந்தக் கண்ணுக்கு எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை என்றதும் காரில் கோவைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் கருவிழிப் பிரிவின் மருத்துவர் பர்வீன், கட்டைப் பிரித்து, மரக்க வைக்கும் சொட்டு மருந்து விட்டு, முகவாயைத் தாங்கியில் வைத்துப் பார்க்கும் விளக்குக் கருவியில் சௌமியாவை உட்கார வைத்தார். வழக்கம்போல, சேதி கேட்டு வந்திருந்த சௌமியாவின் அம்மா, மாமியார், பிரகாஷ் மூவரும் பின்னால் அரைவட்டமாக நின்றார்கள்.

"இதுக்கு முன்னாடி கண்ணுல ஆபரேசன், லேசர், அந்த மாதிரி ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

சௌமியா வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். சின்னதுலருந்தே அவளுக்குக் கழுகுக் கண்ணாட்டமுங்க."

"ஒரே ஒரு சொட்டு விளக்கெண்ணெய்தானுங்க உட்டேன், குளிர்ச்சிக்கு," என்றார் மாமியார். "செக்குல ஆட்டுனது. கலப்படமே கெடையாது."

"எண்ணெய் சுத்தமா இருக்கறது வேறங்கம்மா. அடிபட்ட கண்ணுல எதையுமே உடக் கூடாது."

"என்ற மாமியா எனக்கு உட்டாங்களே! நான் இன்னைக்கும் கண்ணாடி இல்லாம ஊசி கோக்கறனுங்க."

பிரகாஷ் மட்டும் யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார். "நான் குனிஞ்சனுங்க. பின்னாடி இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்."

மருத்துவர் கருவியை நகர்த்தி, அடிபடாத வலது கண்ணைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுந்து என்னைக் கூடத்தின் மூலைக்கு அழைத்துப் போனார்.

"வலது கண்ணுல, கருவிழி ஓரத்துல, மெல்லிசா ஒரு வட்டக் கோடு இருக்கு. ரெண்டு கண்ணுலயும் லேசர் பண்ணியிருக்காங்க. இடது கண்ணுல, லேசருக்காகத் தூக்கி மூடுன படலம் பெயர்ந்து, மூக்குப் பக்கமா மடங்கிக் கெடக்கு. அந்தம்மா என் மூஞ்சிக்கு நேரா இல்லைங்கறாங்க."

"உடனே செய்யணுமா டாக்டர்?"

"இன்னைக்கே. மடிப்பு நேரமாக நேரமாக நிலைச்சுப் போயிரும். அடியில வேற செல் வளர ஆரம்பிச்சுரும். எப்பப் பண்ணுனாங்க, எந்த முறையில பண்ணுனாங்க, எத்தனை பவர் இருந்துச்சு, எனக்கு இது தெரிஞ்சாகணும். பேசுங்க."

இளநீர் மூடி

நான் மருத்துவர் அல்ல. சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு, நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சிகிச்சையை விளக்கும் ஆலோசகராக இங்கே சேர்ந்தவள். துடியலூரிலிருந்து பேருந்தில் வந்து போகிறேன். என் வேலையின் பாதி, மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்வதை அரை மணி நேரத்தில் புரிய வைப்பது.

லேசர் சிகிச்சையை விளக்க எங்கள் பக்கத்து மக்களிடம் எனக்கு ஒரு உவமை எப்போதும் கைகொடுக்கும். இளநீர் சீவுகிறவர் சில சமயம் மூடியை முழுக்க வெட்டி எறிய மாட்டார். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்க விட்டு, மெல்லத் தூக்கித் திறப்பார். லேசரில் ஒரு முறை அப்படித்தான். கருவிழியின் மேல் படலத்தை ஒரு ஓரம் ஒட்டியிருக்கத் தூக்கி, உள்ளே லேசரால் செதுக்கி, மறுபடி மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. சில நாளில் பார்வை தெளிந்துவிடும். ஓரம் ஆறிவிடும். நடுப்பகுதி மட்டும் பழைய உறுதியோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை. ஆண்டுகள் கழித்தும் கூர்மையான ஒன்று சரியான கோணத்தில் பட்டால் மூடி திறந்துகொள்ளும். இது மிக அரிது. ஆனால் நடக்கும்.

இந்த அரிதான ஆபத்து எங்கள் பகுதியில் கொஞ்சம் சிக்கலாகிவிடுவதற்கு ஒரு வழக்கம் காரணம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண்ணுக்கு நல்ல இடம் அமையாது என்ற பயத்தில், ஜாதகம் வெளியே போவதற்கு முன்பே லேசர் செய்துவிடும் குடும்பங்கள் நிறைய. அதையும் உள்ளூரில் செய்வதில்லை. ஓ.பி.யில் ஒரு பங்காளி பார்த்துவிட்டால் போதுமே! கோவைப் பெண்ணுக்கு வெளியூரில், வெளியூர்ப் பெண்ணுக்குக் கோவையில். இங்கே வரும் தாய்மார்கள் மருந்துப் பையில் இருக்கும் மருத்துவமனைப் பெயரை உட்புறமாகத் திருப்பி மடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பழைய நினைவும் இங்கே சேர்ந்துகொள்கிறது. படிக்கும் காலத்தில் காரமடைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் களப்பணி. ஒரு பெரியவரிடம், "கண் வலிக்குதுங்களா?" என்று கேட்டேன். "வலிக்காதுங்க," என்றார் அவருடைய மகன். "வெளிச்சம் கூசுதுங்களா?" "கூசாதுங்க," என்றார் மருமகள். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "எனக்கு என்ன ஆகுதுன்னு நானும் இவங்ககிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறனுங்க," என்றார். அன்று நானும் சிரித்தேன். சௌமியா வந்த காலையில் அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

இருட்டறையில் இருவர்

பார்வைப் பரிசோதனை அறையைக் காட்டி, "நீங்க மட்டும் வாங்க," என்றேன் சௌமியாவிடம்.

"அவளுக்கு இருட்டுன்னாப் பயமுங்க, நானும் வாரேன்," என்று அம்மா கூடவே எழுந்தார்.

"ரொம்ப நேரமாகாதுங்கம்மா. உக்காருங்க."

கதவைச் சாத்திய பிறகு வெளிச்சத்தைக் குறைத்தேன். சௌமியா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

"சௌமியா, இங்க நாம ரெண்டு பேர் மட்டுந்தான். டாக்டருக்கு லேசர் பண்ணுனது தெரிஞ்சுருச்சு. உங்க வலது கண்ணைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாங்க. வெளிய யாருகிட்டயும் சொல்லல. நானும் சொல்ல மாட்டேன். விவரம் மட்டும் வேணும்."

அவர் உதடு கோணியது. "அழுதா வலிக்குங்களா மேடம்?"

"வலிக்கும்."

"அப்ப அழுகல." மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டார். "காலேஜ் கடைசி வருசம். திருச்சில சித்தி ஊட்டுல இருந்து பண்ணுனமுங்க. ரெண்டு கண்ணும் மைனஸ் ஆறு. கத்தி இல்ல, எல்லாமே லேசர்னு சொன்னாங்க. படலத்தத் தூக்கித்தான் பண்ணுனாங்க."

நான் குறித்துக்கொண்டேன். அவர் நிறுத்தாமல் பேசினார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப அத்தை நேராவே கேட்டாங்க, 'கண்ணாடி போடுவியா கண்ணு?'ன்னு. எங்கம்மா 'இல்லீங்க'ன்னாங்க. பொய்யும் இல்லீங்களே, அப்ப நான் போடலையே. 'எப்பவாச்சும் போட்டிருந்தியா'ன்னு அவங்க கேக்கவே இல்ல." ஒரு கணம் சிரிப்பு போல ஏதோ வந்து போனது. "இப்ப சொன்னா என்னாகுங்க?"

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதையே சொன்னேன். சொல்லாவிட்டால் என்னாகும் என்பது தெரியும், அதையும் சொன்னேன். படலத்தைத் தூக்கிச் சுத்தம் செய்து மறுபடி பொருத்தாவிட்டால் பார்வை மங்கலாகவே நின்றுவிடலாம். பட்டது ஓலை என்பதால் பூஞ்சைத் தொற்று வரலாம். அது வந்தால் படலத்தையே எடுக்க நேரிடலாம், அதற்கும் மேலே போகலாம்.

அறுவைச் சிகிச்சை என்றால் கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்களிடம் எழுதப்படாத வழக்கமாக இருந்தது. கையெழுத்துக்கு முன் முழு விளக்கம் தர வேண்டும். விளக்கினால் ரகசியம் வெளியாகும். வெளியே வந்து மருத்துவர் பர்வீனிடம் இதைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு மேஜர். சுயநினைவோட இருக்கு. அது கையெழுத்துப் போட்டாச் செல்லும். புருசன் கையெழுத்து நம்ம பழக்கம், சட்டம் இல்ல."

திரும்பி உள்ளே போய் அதைச் சௌமியாவிடம் சொன்னேன். கூடவே, சொல்லாமல் விட முடியாத ஒன்றையும் சொன்னேன். "வலது கண்ணுலயும் இதே மூடி இருக்கு. இனி மணிக்கொரு தடவை சொட்டு மருந்து உடணும், தூக்கத்துல கூட கை படக் கூடாது. உங்ககூட வண்டியில போறவருக்கு, பக்கத்துல படுக்கறவருக்கு இது தெரிஞ்சா உங்களுக்குப் பாதுகாப்பு. எப்பச் சொல்றது, சொல்றதா வேண்டாமாங்கறது உங்க முடிவு."

அவர் ஒற்றைக் கண்ணால் படிவத்தைப் படித்து, கோணலாகக் கையெழுத்திட்டார். பிறகு, "மாமாவ உள்ள கூப்பிடுங்க," என்றார். "இப்பவே சொல்லிப்போடறேன். அப்புறம்னா எனக்குத் தைரியம் வராதுங்க."

கதவு தானாக மூடியது

பிரகாஷ் வந்ததும் வராததுமாக, "ரொம்ப வலிக்குதா?" என்றார்.

"மாமா, நான் முன்னாடி கண்ணாடி போட்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி லேசர் பண்ணிக்கிட்டேன். அதான் ஓலை பட்டதும் இப்படி ஆயிருச்சு."

நான் வெளியேறப் போனேன். சௌமியா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா கேட்டாங்கல்ல?" என்றார் பிரகாஷ். குரல் உயரவில்லை.

"கேட்டாங்க."

"உங்கம்மா இல்லைன்னாங்க. நீ பக்கத்துலதான் நின்ன."

"ஆமா."

"நேத்து மத்தியானத்துலருந்து வலியோட உக்காந்திருக்கற. அந்தக் கிளினிக்லயும் வாயே தொறக்கல."

பிரகாஷ் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கதவு மெதுவாகத் திரும்பி வந்து தானாக மூடிக்கொண்டது. சௌமியா என் முந்தானையை விட்டார்.

அடுத்து நடந்ததை நான் அதிகம் விளக்க முடியாது, தியேட்டருக்குள் எனக்கு இடமில்லை. மருத்துவர் பின்னால் சொன்னது இது. படலத்தைத் தூக்கி, அதன் அடிப்பக்கத்திலிருந்தும் அதற்குக் கீழே உள்ள பகுதியிலிருந்தும் சோதனைக்காகச் சுரண்டி எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கையும் முடி போன்ற இரண்டு ஓலை நார்களையும் கழுவி வெளியேற்றினார். மடிப்புகளை நீவி நீவி நேராக்கினார். படலம் நகராமலிருக்கத் தையல் போட்டு, பாதுகாப்புக்கு ஒரு கான்டாக்ட் லென்ஸ் வைத்தார்.

வெளியே நான் சௌமியாவின் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். மாமியார் சற்றுத் தள்ளி, "வெறும் ஓலை பட்டதுக்கு ஆபரேசனா, அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிரகாஷைக் காணவில்லை. அவர்கள் வந்த கார் நின்ற இடம் காலியாக இருந்தது.

பிரகாஷ் போன விதத்திலேயே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது; அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மாமியாருக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நல்லா இருந்த புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயி சொல்ல வெச்சுப்போட்டீங்க. ஒரு கண்ணு தெரியாமப் போனாக்கூட ஊட்டுக்குள்ள ஒரு மூலைல இருந்திருப்பாளுங்க. இப்ப ஊடே இல்லைன்னா எந்தக் கண்ண வெச்சு என்ன பண்ணுவா?"

அது கொடூரமான பேச்சு என்று எனக்குத் தோன்றியது. கண்ணீரை அடக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தபோது, அவர் தன் அனுபவத்திலிருந்து போட்ட கணக்கு அது என்பதும் புரிந்தது. பார்வை போன பெண்களைவிட, திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை அவர் அதிகம் பார்த்திருக்கக்கூடும். நான் பேசியது சரி என்று நம்பினேன். அதன் விளைவு என் கையில் இல்லை என்பதும் தெரிந்தது.

சௌமியாவை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு பிரகாஷ் திரும்பினார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. தன் அம்மாவைக் கடந்து, தன் மாமியாரையும் கடந்து, நேராக என்னிடம் வந்தார்.

"பொய் சொன்னதுக்குக் கோவம் இருக்குதுங்க. அது இருக்கட்டும், எங்கயும் போயிராது. மொதல்ல அந்தச் சொட்டு மருந்து எப்படி உடறதுன்னு காட்டுங்க."

கீழ் இமையைத் தொடாமல் கன்னத்தை மட்டும் இழுத்து மருந்து விடுவதைக் காட்டினேன். முதல் தடவை மருந்து மூக்கில் விழுந்தது.

"அது மூக்கு, மாமா," என்றார் சௌமியா.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி முயன்றார்.

மணல் தூவியது போல

இத்துடன் முடிந்துவிட்டதாக நினைத்தோம். சில நாளில் படலத்துக்கு அடியில் மணலை மெல்லத் தூவியது போல ஒரு மங்கல் தெரிந்தது. மருத்துவர் பர்வீன் நெடுநேரம் கருவியை விட்டு எழவே இல்லை.

அது வெறும் அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்க வேண்டும். தாமதித்தால் தழும்பு விழும். பூஞ்சையாக இருந்தால் அதே மருந்து அதற்குத் தீனி போட்டது போலாகி, கண்ணையே இழக்க நேரிடும். முதல் நாள் சோதனையில் பூஞ்சை தென்படவில்லை. ஆனால் பூஞ்சை மெதுவாக வளரும், கண்ணாடிக் குப்பியில் வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை.

"எது நடந்தாலும் என்கிட்ட நேரா சொல்லீருங்க டாக்டர்," என்றார் சௌமியா. "மத்தவங்க வழியா வேண்டாம்."

மருத்துவர் இரண்டு வழியையும் அவரிடமே விளக்கினார். படலத்தை மறுபடி தூக்கி, கழுவி, புதிதாகச் சோதனைக்கு எடுப்பது, அதில் எதுவும் இல்லையென்றால் மட்டும் ஸ்டீராய்டு, அதுவரை பூஞ்சை மருந்தை நிறுத்தாமல் விடுவது என்று முடிவாயிற்று. அந்தக் காத்திருப்பில் மாமியார் மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிரகாஷ் சொட்டு மருந்துக்காகக் கைபேசியில் மணிக்கொரு அலாரம் வைத்திருந்தார். அது அடிக்கும்போதெல்லாம் வார்டே திரும்பிப் பார்த்தது.

இரண்டு சோதனைகளிலும் எதுவும் வளரவில்லை. ஸ்டீராய்டு தொடங்கினார்கள். பூஞ்சை உள்ளே பதுங்கியிருந்தால் இப்போதுதான் தலைகாட்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், ஒவ்வொரு காலையும் அந்தக் கருவியின் முன் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றோம். மங்கல் ஓரத்திலிருந்து மெல்லக் கரைந்தது. ஒரு நாள் சௌமியா எழுத்துப் பலகையின் கீழ் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி வரியில் மட்டும் தடுமாறினார். அந்தி நேரத்தில் வண்டி விளக்குகளைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் இன்றும் தெரிகிறதாம். அது போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னதும் சௌமியாதான். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "கண்ணாடி போட்டுட்டே வந்திருந்தீனா ஓலை கண்ணாடி மேலதான பட்டிருக்கும்! நானென்ன கண்ணாடி போட்ட புள்ளைய வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" சொல்லியிருப்பார் என்பதில் சௌமியாவுக்குச் சந்தேகமே இல்லை. விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதை பரிமாறப்படுகிறது. பிரகாஷ் மனைவியோடு பழையபடி பேசப் பல வாரங்கள் பிடித்தன. சௌமியாவின் அம்மா வீட்டுப் படியை அவர் ஏறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பிறகு

உறவினர்கள் முன்னால் எல்லாவற்றையும் கேட்கும் வழக்கத்தை மாற்றச் சொல்லி, நான் மருத்துவர் பர்வீனோடு நிர்வாகத்திடம் போய்ப் பேசினேன். தனியறை, கூடுதல் நேரம், கோபித்துக்கொள்ளும் உறவினர்கள் என்று தயக்கங்கள் இருந்தன. அவை நியாயமானவையே. எழுதிக் கொடுத்தோம், மறுபடி போய்ப் பேசினோம்.

இப்போது எங்கள் மருத்துவமனையில், இதற்கு முன் கண்ணில் என்ன சிகிச்சை செய்துகொண்டீர்கள் என்ற கேள்வி, நோயாளி தனியாக இருக்கும்போதுதான் கேட்கப்படுகிறது. வயதுவந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய கையெழுத்தே போதும். கணவரை அழைப்பதா என்பதை அவரே சொல்கிறார்.